வல்கன் பட்டறைக்கு எத்தனை வாசல்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் தலைகளை எண்ணுவார். அடுத்தது கதவுகளை எண்ணுவார். இரண்டும் சரிப்பட்டு வந்தால்தான் உட்காருவார். இல்லையென்றால் வாசலில் நின்றபடியே வந்த காரியத்தைப் பேசி முடித்துவிட்டுப் போய்விடுவார். பேங்க் ஆனாலும் சரி, ஆஸ்பத்திரி ஆனாலும் சரி, துக்க வீடானாலும் சரி. "ஒரு ரூமுக்கு நாலு பேருதான்" என்பது அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லும் பேச்சு. அதனால் நாங்கள் அவருக்கு 'நாலு பேரு அக்கா' என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் அது தெரியும்.

ஒரு தடவை சினிமாவுக்குப் போன இடத்தில் பக்கவாட்டுக் கதவில் சங்கிலி போட்டிருப்பதைப் பார்த்துவிட்டார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் மேனேஜரோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். டிக்கெட் இல்லாமல் ஆள் நுழைகிறான், அதற்காகத்தான் பூட்டினோம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். "உள்ள வாரவனைத் தடுக்கப் பூட்டுனீக, சரி. வெளிய போறவன் எங்கிட்டுப் போவான்?" என்று கேட்டாராம். மேனேஜர் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பைச் சொல்லும்போதெல்லாம் அக்காவுக்கு மூக்கு விடைக்கும்.

விருதுநகரில் என் தங்கச்சி நிக்காஹுக்கு வந்தவர், பெண்கள் பக்கம் பின்கதவை அடைத்து அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்து நகர்த்த ஆரம்பித்துவிட்டார். பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வேர்த்து வழிய. என் மாமு என்னிடம் வந்து, "யாருடா அந்தப் பொம்பளை? சாப்பிடச் சொன்னா நாற்காலியத் தூக்கிட்டுத் திரியுது" என்று கேட்டார். கூட வேலை பார்க்கிறவங்க என்று சொல்வதற்கு அன்றைக்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

அவருடைய பெயரை நான் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய தங்கை இன்னும் சிவகாசிப் பக்கத்துப் பயர் ஆபீஸ் ஒன்றில்தான் வேலை பார்க்கிறார். பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வோம், ஏதோ ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பைல் புரட்டுகிற வேலை மாதிரி. இந்தப் பெயரை முதலில் வைத்தவன் யாரோ, அவன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

இது இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸின் மாடியில் நாங்கள் வேலை பார்த்தோம். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், தீப்பெட்டி லேபிள் எல்லாம் அங்கே கம்ப்யூட்டரில் வரைவோம். அவர்தான் டிசைனர். பார்ட்டிகளுக்கு இங்கிலீஷில் மெயில் அனுப்புவதும், அவசரத்துக்கு டிசைனில் கை கொடுப்பதும் என் வேலை. அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் என்னை பாய் என்பார்.

அப்படியிருக்கும்போது பெங்களூர் கம்பெனி ஒன்று மூலமாக ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. கம்ப்யூட்டர் கேம். சும்மா பந்து தட்டுகிற கேம் இல்லை. உலகம் பூராவும் இருக்கிறவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இன்டர்நெட்டில் ஒன்றாகச் சேர்ந்து விளையாடுவார்களாம். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்ள வேண்டும், படைவீரன், பூசாரி, கொல்லன் என்று. கதை எல்லாம் பழைய ரோமாபுரிச் சாமிகளின் கதை. சாமிகளை வரைவதும், அவர்கள் இருக்கிற கோயில், குகை, பட்டறை எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைபடமாகப் போடுவதும் எங்கள் பங்கு. சாமி படம் என்றால் சிவகாசியைவிட்டால் யார் என்று எங்கள் முதலாளி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

நான் நெட்டில் தேடி அந்தச் சாமிகளைப் பற்றிப் படித்து, பிரிண்ட் எடுத்து, தமிழில் அக்காவுக்குச் சொல்வேன். இடி மின்னலுக்கு உள்ள ஜூபிடரை அவர் சட்டை பண்ணவே இல்லை. ஜேனஸ் என்று ஒரு சாமி. வாசலுக்கு உள்ள சாமி. தலைக்கு முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு முகம். அதைச் சொன்னதும் கையிலிருந்த மவுஸை வைத்துவிட்டார்.

"வாசலுக்குன்னே ஒரு சாமியா?"

"ஆமாக்கா. ஒரு மூஞ்சி உள்ள பாக்கும், ஒரு மூஞ்சி வெளிய பாக்கும்."

"அட, இந்தச் சாமிக்கு மட்டும் நம்ம ஊருப் பயர் ஆபீஸ்ல போர்மேன் வேலை குடுக்கலாம் பாய்."

ஜேனஸை அவர் மூன்று நாள் வரைந்தார். அப்படி ஒரு அழகை நான் எந்த லேபிளிலும் பார்த்ததில்லை. ஆனால் சண்டை நடக்கும்போது அந்தச் சாமியின் கோயில் கதவைத் திறந்து வைப்பார்கள், சமாதானம் வந்தால் சாத்திவிடுவார்கள் என்று படித்துச் சொன்னேன். அதற்கு வந்ததே கோபம். "கதவைச் சாத்துறதா சமாதானம்? எந்தப் பைத்தாரப் பய சொன்னான்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார், ஏதோ நான்தான் போய்ச் சாத்திவிட்டு வந்த மாதிரி.

அடுத்தது வல்கன். நெருப்புச் சாமி, கொல்லன். வானத்திலிருந்து தூக்கி எறிந்ததில் கால் ஊனமாகிவிட்டது. அக்கா கால் வளைந்தபடியே வரைந்தார். முதலாளி மாடிக்கு வந்தவர் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். காலண்டர் தொழிலில் சாமிக்குக் குறை வைக்கக் கூடாது. முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும், கண் நேராகப் பார்க்க வேண்டும், அங்கம் முழுசாக இருக்க வேண்டும். அதுதான் அவர் தகப்பனார் காலத்திலிருந்து வழக்கம்.

"ஏம்மா, சாமிக்குக் காலு இப்படியா இருக்கும்? நேராக்கு."

"நெருப்பு வேலை பாக்குறவனுக்கு உடம்பு முளுசா எப்படி மொதலாளி இருக்கும்?"

முதலாளி இறங்கிப் போனார். அந்தப் படம் அப்படியே பெங்களூருக்குப் போயிற்று, அவர்களும் நல்லா இருக்கிறது என்று எழுதினார்கள். முதலாளி அதன்பிறகு வருகிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டி, "நம்ம ஐடியாதான்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

வல்கனுக்குக் கோயில் கட்டினால் ஊர் மதிலுக்கு வெளியேதான் கட்ட வேண்டுமாம், தீப்பிடித்தால் ஊருக்குள் பரவக் கூடாது என்று. இதைக் கேட்டு அக்காவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "பாத்தீகளா, அந்தக் காலத்துலயே லைசென்ஸு குடுத்துருக்கான்!" என்றார். அதே சூட்டில் நான் இன்னொன்றையும் படித்தேன். வெயில் காலத்தில் தீ விபத்து வராமலிருக்க அந்தச் சாமிக்கு ஒரு விழா எடுப்பார்கள். ஆற்றில் உயிரோடு பிடித்த மீனைத் தீயில் போடுவார்கள். எங்கள் உயிருக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள் என்று அர்த்தம்.

அக்கா என் கையிலிருந்த பிரிண்டை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "மீனுகிட்ட யாராச்சும் கேட்டாகளா பாய்?" என்றார்.

வல்கனின் பட்டறையை வரைய ஆரம்பித்ததும்தான் வினை. மலைக்கு அடியில் இருக்கிற பட்டறை. ஒற்றைக்கண் ராட்சதர்கள் அங்கே வேலை பார்ப்பார்கள். விளையாடுகிறவன் உள்ளே போய் ஆயுதம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அக்கா போட்ட வரைபடத்தைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ரூமுக்கும் ரூமுக்கும் நடுவில் நல்ல இடைவெளி. ரூமுக்கு நாலு ராட்சதர். எதிரும் புதிருமாக ரெண்டு கதவு, இரண்டும் வெளிப்பக்கமாகத் திறக்கிறவை. வாசலில் மணல் வாளி, தண்ணீர்த் தொட்டி. ராட்சதர்கள் செருப்பைக் கழற்றி வெளியே வரிசையாக வைத்திருக்கிறார்கள். ரோமாபுரித் தூண்களை எடுத்துவிட்டால் சட்டப்படி நடக்கிற பயர் ஆபீஸ். அப்படி ஒன்றை நான் வரைபடத்தில்தான் பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

பெங்களூர்க்காரர்கள் சிரிக்கவில்லை. இதில் ஆபத்தே இல்லையே, விளையாடுகிறவன் நடந்து வெளியே வந்துவிடுகிறானே என்று எழுதினார்கள். ரூம்களை ஒட்டிப் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே வாசல், ஒன்றில் தீப்பிடித்தால் வரிசையாக எல்லாம் வெடிக்க வேண்டும், உள்ளே இருக்கிற வேலைக்காரர்கள் செத்தாலும் மறுபடி வந்துவிடுவார்கள், கவலை இல்லை. நான் தமிழில் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் சிவந்துகொண்டே போனது.

"செத்தா மறுபடி எங்கனருந்து வருவாக?"

"கேமுக்கா. கம்ப்யூட்டர்ல தானா வந்துருவாக."

"அப்படி நெனச்சுத்தான் இங்கனயும் ஆளு எடுக்கான். ஒருத்தி போனா இன்னொருத்தி வருவான்னு. நான் சொல்றத அப்படியே எளுதுங்க பாய். ஆளைச் சாகடிக்க நான் ரூம் போட மாட்டேன். அம்புட்டுதான்."

நான் அப்படியே எழுதவில்லை. திருத்தி அனுப்புகிறோம் என்று எழுதிவிட்டு, அவருடைய பைலைக் காப்பி எடுத்து, நானே ரூம்களை ஒட்டிவைத்து, ஒரு கதவை அழித்து அனுப்பினேன். சொன்னேன் இல்லையா, அவசரத்துக்கு டிசைனில் கை கொடுப்பேன் என்று.

அவர் ஏன் இப்படி என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்த வாரம் மத்தியானம் சாப்பிடும்போது அவராகவே சொன்னார், ஊறுகாயை என் பக்கம் தள்ளிக்கொண்டே. பத்தொன்பது வயதில் ஒரு பயர் ஆபீஸில் திரி வேலை பார்த்திருக்கிறார். ஒரு நாள் வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. போர்மேன் திட்டியிருக்கிறான். ரூமுக்குள் ஏற்கனவே எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டார்கள், இவருக்கு வாசற்படியை ஒட்டித்தான் இடம் கிடைத்தது. பதினோரு மணிக்கு உள்ளே எங்கோ 'சர்'ரென்று ஒரு சத்தம். அவர் வெளியே விழுந்தார். அவருக்குப் பிறகு இரண்டு பேர் வந்தார்கள். அதற்குமேல் யாரும் வரவில்லை.

"தினமும் நான் உக்காருற இடம் உள்ளதான் பாய். அன்னைக்கு அங்கன வேற பிள்ளை உக்காந்துருந்துச்சு" என்றார். நான் டிபன் பாக்ஸை மூடிக் கழுவ எடுத்துப் போனேன்.

முதலாளியின் மச்சினருக்கு வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பயர் ஆபீஸ் இருந்தது. அக்காவின் தங்கை அங்கேதான் வேலை பார்த்தாள். மச்சினர் ஒரு நாள் மாடிக்கு வந்தவர், அக்காவின் கம்ப்யூட்டரில் பட்டறையின் பழைய வரைபடத்தைப் பார்த்துவிட்டார். "அடேயப்பா, எம்புட்டு சுத்தமா இருக்கு! லைசென்ஸைப் புதுப்பிக்க பிளான் குடுக்கணும்மா. இதே மாதிரி நம்ம கம்பெனிக்கும் ஒண்ணு போட்டுக் குடு" என்றார்.

அவர் கேட்டது இதைத்தான், இந்தத் தூணை எடுத்துவிட்டு இதையே கொடு என்று. அக்கா அதைப் புரிந்துகொள்ளாதவர் மாதிரி, "அப்ப நேர்ல வந்து அளந்துதான் போடணும்ணே" என்றார். மச்சினருக்குப் பெருமையாகிவிட்டது. "வந்து அளந்துக்க, யாரு வேண்டாம்னா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் கூடப் போனேன், டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க. தீபாவளி சீசன். அந்த இடத்தை நான் எப்படிச் சொல்வது? சட்டப்படி நாலு பேர் மட்டும் உட்கார வேண்டிய ரூமில் பதினொரு பேர். ரெண்டாவது கதவு இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அதை மறைத்து ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது. ரூம் போதாமல் வேப்பமரத்தடியிலும் சாக்கை விரித்து வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் தங்கை மூன்றாவது ரூமில், அந்த அட்டைப்பெட்டிகளில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏ, வாசல் பக்கம் வந்து உக்காரு" என்றார் அக்கா.

"எல்லாரும் வாசல்ல உக்காந்தா உள்ள யாருக்கா உக்காருறது? சும்மா போ, ஆர்டர் கெடக்கு" என்றாள் தங்கை, கையை நிறுத்தாமலே.

அக்கா ஒவ்வொரு ரூமாகப் போய் நின்று எண்ணினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

பிளான் மூன்று நாளில் தயாரானது. ஏ-த்ரீ தாளில், கலரில். எது எப்படி இருந்ததோ அப்படியே வரைந்திருந்தார். எந்த ரூமில் எத்தனை பேரோ அத்தனை பேர். கேமுக்காக அவர் வரைந்து வைத்திருந்த சின்னச் சின்ன ஆட்களில் ராட்சதக் கண்ணை மட்டும் எடுத்துவிட்டு, சேலை கட்டி உட்கார வைத்திருந்தார். மறைத்த கதவுகளில் அட்டைப்பெட்டியைக்கூட எண்ணி அடுக்கியிருந்தார். வேப்பமரத்துக்குக் கீழே ஒன்பது பேர்.

"அக்கா, இதைக் குடுத்தா உங்களைச் சும்மா விடுவாகளா?"

"பிளான்தான கேட்டாக? அவுக கம்பெனி பிளான் இது."

இங்கேதான் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வந்தது. சீசன் நேரத்தில் எந்த முதலாளியும் தாளை விரித்துப் பார்க்க மாட்டார். நீட்டின இடத்தில் கையெழுத்து, கையெழுத்தின் மேல் சீல். மச்சினரும் மடித்து வைத்த தாளின் ஓரத்தில், மூன்று காப்பியிலும், போனில் லோடு பற்றிப் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, லைசென்ஸ் வேலைகளைப் பார்த்துக் கொடுக்கும் ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டார். 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்று அதில் அச்சடித்திருந்தது. அவர் வாழ்க்கையில் சீல் வைத்த ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

ஏஜெண்ட் சூலக்கரையில், கலெக்டர் ஆபீஸ் வாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கி, டீ குடிக்கும்போது சும்மா பிரித்துப் பார்த்திருக்கிறார். குடித்தும் குடிக்காமலும் அடுத்த பஸ்ஸில் சிவகாசிக்குத் திரும்பிவிட்டார். டீக்கென்று ஐந்து நிமிஷம் நிற்காமல் நேராக உள்ளே போயிருந்தால் அந்தத் தாள் போய்ச் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்து நான் வயிறெரியாத நாளில்லை.

மச்சினர் படியேறி வந்த சத்தத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"உப்பைத் தின்னுட்டு என்னையவே காட்டிக் குடுக்கப் பாத்தியா?"

"நான் பொய்யா என்னண்ணே வரைஞ்சேன்? ஒரு ஆளு கூடுதலா இருந்தாச் சொல்லுங்க, அழிச்சிடுறேன்."

"கேமுக்கு மட்டும் நாலு நாலு பேரா அளகா வரைஞ்ச. அதைத்தான நான் கேட்டேன்?"

"அதுல இருக்கிறது பொம்மைண்ணே. இங்க இருக்கிறது என் தங்கச்சி."

எங்கள் முதலாளி நடுவில் புகுந்து, "ஏம்மா, உனக்கு எதுக்கும்மா ஊர் வம்பு?" என்றார். ஊர் வம்பு! கூடப் பிறந்தவள் பெட்டிக்கும் மருந்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள், அது இவருக்கு ஊர் வம்பு. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவர் சொன்னபோது குரல் தழைந்துதான் இருந்தது. அதனால் எனக்கு அவர் மேல் இன்னும் ஆத்திரம் வந்தது. வந்து என்ன? நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மச்சினர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க அந்தப் பளைய படத்தை வச்சு ஒரு பிளான் போட்டுக் குடுத்துருங்க. நாளைக்கு வேணும்" என்றார். நான் தலையாட்டினேன்.

அந்த வருஷம் அங்கே ஒன்றும் வெடிக்கவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் இல்லை. "பாத்தீகளா தம்பி, அந்தப் பொம்பளை என்னமா குதிச்சுச்சு, என்ன ஆயிருச்சு?" என்று எங்கள் முதலாளி பிற்பாடு எத்தனையோ தடவை என்னிடம் கேட்டிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை என்பதை நியாயம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் என்ன பேசுவது? பதினொரு பேர் ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த நாலு பேர் ரூமுக்குள் போய் உட்கார்ந்தார்கள். அதுவே ஆனதுதான். கேமும் வெளிவந்தது. வல்கன் பட்டறையில் தினமும் எத்தனையோ பேர் செத்து எழுந்து விளையாடுவதாகப் பெங்களூரிலிருந்து பாராட்டி எழுதினார்கள்.

வேலையைவிட்டு நின்ற மறுநாள் மத்தியானம், தன் சாமான்களை எடுத்துப்போக அக்கா வந்தார். நான் பிளானை முடித்துக்கொண்டிருந்தேன். ஒளிக்க நேரமில்லை. பின்னால் வந்து நின்றார். ரூம்கள் அத்தனையும் அவர் வரைந்தவை. நாலு நாலு பேர் என்று நான் எழுதியிருந்தேன். அவர் உதடு அசைவது மானிட்டர் கண்ணாடியில் தெரிந்தது. என்னைத் திட்டட்டும், காறித் துப்பட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"கடைசி வரிசையில ஒரு கதவுதான் இருக்கு" என்றார்.

பார்த்தேன். அவசரத்தில் அந்த வரிசையை மட்டும், பெங்களூருக்கு நான் திருத்தி அனுப்பிய பைலிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தேன்.

"தள்ளுங்க பாய்."

நான் எழுந்தேன். அவர் உட்கார்ந்து, அந்த வரிசையில் ரூம் ரூமாக ரெண்டாவது கதவைப் போட்டார். வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி, ஒவ்வொன்றாக, நிதானமாக.

"ஏங்க்கா, இது பொய்யின்னு தெரிஞ்சும்..." என்று இழுத்தேன்.

"தெரியும். படத்துல இருக்கிறவுகளாச்சும் வெளிய வரட்டும்."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். மூன்றாவது ரூமில் அவருடைய தங்கை, அவர் போட்ட கதவுக்குப் பக்கத்தில் அல்ல, அட்டைப்பெட்டியில் சாய்ந்துதான் அந்நேரம் உட்கார்ந்திருந்திருப்பாள். அது எனக்கும் தெரியும். நான் மூன்று காப்பி பிரிண்ட் எடுத்து, மடித்து, கையெழுத்துக்கு அனுப்பி வைத்தேன்.